சிறுதேரும் சிறு மகிழுந்தும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்து அமைந்துள்ள ஊர் மகாராஜபுரம். வயலும் தோப்பும் சூழ்ந்த இவ்வூரின் வழியே சதுரகிரி மலைக்குச் செல்வோரின் வண்டிகள் அமாவாசை, பௌர்ணமி நாள்களில் அணிவகுத்துச் செல்லும். பேருந்து, வேன், மகிழுந்து, ஆட்டோ என ஒவ்வொன்றையும் தெருவோரம் நின்று பார்க்கும் சிறுவர்கள் வீடு திரும்பியதும் தாம் கண்டதைச் செய்து பார்க்க முனைவர். கோடைக்காலமாயின், நுங்கு தோண்டியெடுத்தபின் எஞ்சும் பனங்காய்க் கூடுகள் இரண்டு போதும். அவற்றை ஒரு குச்சியால் இணைத்து, அக்குச்சியின்மீது நீண்ட கவைக்கொம்பை வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி ஓடும். பிற காலங்களில் தீப்பெட்டிகள் கைகொடுக்கும். சிவகாசி அருகிலிருப்பதால் தீப்பெட்டிக்கு இப்பகுதியில் பஞ்சமில்லை. இரண்டு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஈர்க்குச்சியை அச்சாகச் செருகி, சட்டைப் பொத்தான்களைச் சக்கரங்களாகப் பொருத்தினால் மகிழுந்து ஆயத்தம்.

அது மகிழுந்து போல இருக்கும். ஆனால் எந்த மகிழுந்து என்று கேட்டால் விடை இராது. 'இது அம்பாசிடர்' என்று பார்த்தவர் எல்லாரும் சொல்லும்படி ஒரு வண்டியைக் கையளவில் கட்டி, வண்ணம் தீட்டி நிறுத்துவதே ஒப்பளவு மாதிரி மகிழுந்துக் கலை. உலகெங்கும் பல்லாயிரம் பேர் ஈடுபடும் பொழுதுபோக்கு இது. பார்ப்பதற்கு விளையாட்டாகத் தோன்றினாலும், கணக்கும் வேதியியலும் வரலாறும் இதனுள் ஒருசேர வந்து அமர்கின்றன.

இலக்கியத்தில் உருண்ட தேர்

ஊர்தியைச் சிறிதாக்கிச் செய்யும் வழக்கம் மிகப் பழைமையானது. சிந்துவெளி நாகரிக இடங்களில் சுடுமண்ணால் செய்யப்பட்ட சிறு வண்டிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. மகாராட்டிர மாநிலத்தின் தைமாபாத்தில் 1974ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட வெண்கலத் தேர், காளைகள் பூட்டப்பட்டு, ஓட்டுபவன் நிற்கும் நிலையில் அமைந்த அரிய படைப்பாகும்.

தமிழ் இலக்கியத்தில் சிறுதேருக்குத் தனியிடம் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தாம் பாடிய இரு நூல்களிலும் அதனைக் காட்டுகிறார். பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் உலரவைத்த உணவைக் கவரவரும் கோழியை விரட்டத் தம் காதணியையே கழற்றி எறிகின்றனர். அக்காதணி, சிறுவர் குதிரையின்றி உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியைத் தடுத்து நிற்கிறது. செல்வ வளத்தைச் சொல்ல வந்த காட்சிதான். எனினும் அச்சிறுதேருக்குச் சக்கரம் மூன்று என்று எண்ணிச் சொல்லிய நுட்பம் நோக்கத்தக்கது. இன்றும் குழந்தைகள் நடைபழகும் நடைவண்டிக்குச் சக்கரம் மூன்றே. பெரும்பாணாற்றுப்படையிலோ தச்சர் வீட்டுப் பிள்ளைகளே விரும்புமாறு அழகுறச் செய்யப்பட்ட தேரை உருட்டிக் களைத்த சிறுவர்கள் பாலருந்தி உறங்குகின்றனர். நாள்தோறும் தேர்களைக் கண்டு வளரும் தச்சர் மக்களையே மயக்கிய வேலைப்பாடு என்பதற்கு மேல் ஒரு கைவினைஞனுக்கு வேறு பாராட்டு வேண்டுமோ?

குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர்கீரனார் இன்னும் நுட்பமான ஒன்றைச் சொல்கிறார். தச்சன் செய்து தந்த சிறுதேரில் சிறுவர் ஏறிச் செல்ல முடியாது. ஆயினும் கையால் இழுத்து இன்புறுகின்றனர். தலைவனின் நட்பும் எமக்கு அத்தகையதே என்று தோழி உரைக்கிறாள். ஏறிச் செல்ல இயலாத ஊர்தியாலும் இன்பமுண்டு என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு புலவர் உவமையாக்கிவிட்டார். மாதிரி மகிழுந்துகளைச் சேர்த்துவைப்போரை நோக்கி, 'ஓட்ட முடியாத வண்டி எதற்கு?' என்று வினவுவோர்க்கு இப்பாடல் போதும்.

பின்னாளில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவத்திற்கே சிறுதேர் என்பது பெயராயிற்று. சூத்திரகரின் வடமொழி நாடகத்தைத் தமிழாக்கிய பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் அதற்கு 'மண்ணியற் சிறுதேர்' என்று பெயரிட்டார். சிறுதேர், சிறுபறை, சிறுசோறு, சிற்றில் எனப் பெரியோர் உலகத்தைச் சிறிதாக்கிக்கொண்ட சொற்கள் தமிழில் ஒரு குடும்பமாகவே உள்ளன. திருவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுவதையும் சிறுமியர் மணலில் கட்டிய சிற்றிலைக் காப்பதற்கான வேண்டுகோளாகவே அமைத்தார். முதுகு நோவக் குனிந்து கட்டிய ஒன்றைப் பிறர் காலால் சிதைப்பது எத்துணை வலி தரும் என்பதைச் சிறிய பொருள்களைக் கட்டியவரே அறிவர்.

பெட்டிக்குள் அடங்கியதும் அளவுக்குள் அடங்கியதும்

தீப்பெட்டிக்கும் மாதிரி மகிழுந்துக்கும் உள்ள உறவு மகாராஜபுரத்துச் சிறுவர்களோடு நின்றுவிடவில்லை. இலண்டனில் 1947ஆம் ஆண்டு லெஸ்னி என்னும் சிறு வார்ப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் பொறியாளர் ஜாக் ஓடெல் என்பவரின் மகள் பயின்ற பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே கொண்டுவரலாம் என்று ஒரு விதி இருந்தது. ஓடெல், சாலை உருளை வண்டி ஒன்றைப் பித்தளையில் மிகச் சிறிதாகச் செய்து, தீப்பெட்டியில் வைத்து மகளிடம் கொடுத்தார். உடன்பயில்வோர் எல்லாரும் அதுபோல் ஒன்று வேண்டும் என்றனர். 1953இல் 'மேட்ச்பாக்ஸ்' என்னும் வணிகப் பெயருடன் அச்சிறு வண்டிகள் விற்பனைக்கு வந்தன. அவை அடைக்கப்பட்ட அட்டைப்பெட்டிகளும் தீப்பெட்டி போன்றே இருந்தன. தீப்பெட்டித் தொழிலைச் சிவகாசிக்குக் கொண்டுவரவேண்டி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்றது 1922இல். அத்தொழிலால் வளர்ந்த பகுதியில் வாழும் நமக்கு இப்பெயர் கூடுதலாகவே இனிக்கும்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை இங்கே தெளிய வேண்டும். பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதே மேட்ச்பாக்ஸ் வண்டிகளின் முதல் விதி. எனவே, ஈரடுக்குப் பேருந்தும் சிறு மகிழுந்தும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் அமைந்தன. பேருந்து மிகுதியாகச் சுருக்கப்பட்டது. மகிழுந்து குறைவாகச் சுருக்கப்பட்டது. இரண்டையும் அருகருகே நிறுத்தினால், மகிழுந்தின் கதவு பேருந்தின் கதவைவிடப் பெரிதாக இருக்கும். விளையாட்டுப் பொருளுக்கு இது குறையன்று. ஒப்பளவு மாதிரியில் இது பெருங்குறை. அங்கே பெட்டி எதுவாயினும் ஆகட்டும். வண்டியின் நீளம், அகலம், உயரம், சக்கரம், கண்ணாடி, கைப்பிடி ஆகிய அனைத்தும் ஒரே எண்ணால் வகுபட வேண்டும்.

அந்த எண்ணே ஒப்பளவு. 1:24 என்றால் உண்மை வண்டியின் 24 மில்லிமீட்டர், மாதிரியில் 1 மில்லிமீட்டர். அம்பாசிடர் மகிழுந்தின் நீளம் ஏறத்தாழ 4325 மி.மீ. ஆகும். 24ஆல் வகுத்தால் 180 மி.மீ.; அதாவது ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவு.

தெரிந்து தெளிவோம்
ஒரே அம்பாசிடர் 1:18 அளவில் 24 செ.மீ. நீளமும், 1:24 அளவில் 18 செ.மீ. நீளமும், 1:43 அளவில் 10 செ.மீ. நீளமும், 1:64 அளவில் 7 செ.மீ.க்குச் சற்றுக் குறைந்த நீளமும் கொண்டிருக்கும். 43 என்னும் எண் விந்தையாகத் தோன்றலாம். இங்கிலாந்தின் மாதிரி இருப்புப்பாதைகள் ஓர் அடிக்கு 7 மி.மீ. என்னும் கணக்கில் செய்யப்பட்டன. ஓர் அடி 304.8 மி.மீ.; அதனை 7ஆல் வகுத்தால் 43.5 வரும். தொடர்வண்டி நிலையத்தில் நிறுத்துவதற்காகச் செய்த மகிழுந்துகள் அந்த அளவையே பெற்று, பின்னர்த் தனியே புகழடைந்தன.

முழமும் அங்குலமும்

1:24 என்னும் அளவு மாதிரி மகிழுந்துகளில் மிகுதியாகப் பின்பற்றப்படுகிறது. ஓர் அடிக்கு அரை அங்குலம் எனக் கொண்டால் இவ்விகிதம் கிடைக்கும்; ஆங்கில அளவை முறையில் இது எளிய கணக்கு. நம் சிற்ப நூல்களின் வழியே சென்றாலும் இதே எண்ணை அடையலாம் என்பது வியப்புக்குரியது. எட்டு யவம் ஓர் அங்குலம். இருபத்துநான்கு அங்குலம் ஒரு முழம் என்பது தச்சர், சிற்பியரின் மரபுக் கணக்கு. ஆகவே, முழத்தை அங்குலமாக்கினால் 1:24 அமைந்துவிடும். மூன்று முழ நீளமுள்ள மரச்சட்டத்தை மூன்று அங்குலமாக வெட்டுக என்று சொன்னால் போதும். பெருக்கலும் வகுத்தலும் வேண்டா.

திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூர நாளில் வடம்பிடித்து இழுக்கப்படும் ஆண்டாள் திருத்தேர், தமிழகத்தின் பெருந்தேர்களுள் ஒன்று. அத்தகைய தேரைக் கட்டும் தச்சர்கள் மரத்தைத் தொடுவதற்கு முன் அளவைத்தான் தொடுகின்றனர். ஒரு சிற்பத்தின் முகம் இவ்வளவு எனில் மார்பு இவ்வளவு, கை இவ்வளவு என்று ஒன்றைக்கொண்டு மற்றொன்றை அளக்கும் தாலமான முறை அவர்களுடையது. உருவம் பெரிதாயினும் சிறிதாயினும் விகிதம் மாறாது. தேரின் அடிப்பகுதியில் விரலளவில் செதுக்கப்பட்ட யாளியும், தூணில் ஆளுயரத்தில் நிற்கும் யாளியும் ஒரே யாளிதான் என்று நாம் உணர்வதற்குக் காரணம் இதுவே. மாதிரி மகிழுந்து கட்டுபவரும் இதே கல்வியைத்தான் வேறொரு வாயில் வழியாகப் பெறுகிறார்.

இவ்வொப்புமை ஜப்பான் நாட்டில் உண்மையாகவே நிகழ்ந்துள்ளது. ஜப்பானில் செய்யப்படும் பிளாஸ்டிக் மாதிரித் தொகுப்புகளில் பெரும்பகுதி ஷிசுவோகா என்னும் ஒரே பகுதியிலிருந்து வருகிறது. பழங்காலத்தில் அங்குள்ள கோயில்களைக் கட்ட வந்த தச்சரும் மெருகுவினைஞரும் அவ்வூரிலேயே தங்கிவிட்டதால் மரவேலை வளர்ந்தது என்றும், அம்மரவேலையின் தொடர்ச்சியே மாதிரித் தொழில் என்றும் அந்நகரத்தார் கூறுவர். உலகப் புகழ்பெற்ற தமியா நிறுவனம் அங்கே 1946இல் மர வணிகமாகத்தான் தொடங்கியது. முதலில் மர மாதிரிகளையும், 1960 முதல் பிளாஸ்டிக் மாதிரிகளையும் செய்தது. கோயில் தச்சர் வாழும் ஊர்கள் நம் மாநிலத்திலும் குறைவில்லை. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரின் மரச்சிற்பங்கள் 2020இல் புவிசார் குறியீடு பெற்றன. அந்தக் கைகளுக்கு மகிழுந்து ஒரு பெரிய வேலையன்று, கேட்பார்தாம் இல்லை.

நீளம் வகுபடுவது போல எடை வகுபடாது என்பதையும் அறிதல் வேண்டும். 1:24 மாதிரியில் பரப்பு 24 × 24, அதாவது 576இல் ஒரு பங்காகும். கனஅளவோ 24 × 24 × 24, அதாவது 13,824இல் ஒரு பங்காகச் சுருங்கும். 1100 கிலோகிராம் எடையுள்ள வண்டியை அதே பொருள்களால் அதே விகிதத்தில் செய்தால் அதன் எடை 80 கிராம் மட்டுமே. மாதிரி வண்டியை ஊதினால் நகர்வதும், உண்மை வண்டியை வலிந்து தள்ளினால்தான் நகர்வதும் இக்கணக்கின் விளைவேயாகும்.

கட்டுதலும் தீட்டுதலும்

கடைகளில் கிடைக்கும் தொகுப்பில், வண்டியின் உறுப்புகள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் காய்கள் போல ஒட்டியிருக்கும். அச்சிலிருந்து எளிதில் பிரிவதற்காக அவற்றின்மீது எண்ணெய்ப் பசை இருப்பதுண்டு. எனவே, முதலில் சவர்க்கார நீரில் கழுவி உலர்த்த வேண்டும். பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. பின்னர் வண்ணம் செதில் செதிலாக உரியும்போது வண்ணத்தின்மீது பழி சொல்வர். உறுப்புகளைக் கையால் முறிக்காமல் சிறு கட்டிங் பிளேயரால் வெட்டி, வெட்டிய வடுவை உப்புத்தாளால் தேய்த்து நீக்க வேண்டும்.

ஒட்டும் முறையில் ஒரு வேதியியல் உண்டு. இத்தொகுப்புகள் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. இவற்றுக்குரிய பசை உண்மையில் பசையன்று, ஒரு கரைப்பான். அது இரு உறுப்புகளின் விளிம்புகளையும் சிறிது கரைக்கும். கரைந்தவை ஒன்றுகலந்து, கரைப்பான் ஆவியானபின் ஒரே துண்டாக இறுகும். இது பற்றவைப்புக்கு நிகரானது, பிரிக்க இயலாது. விரலில் ஒட்டிய கரைப்பானுடன் வண்டியின் உடலைத் தொட்டால் விரலும் அங்கே பதியும். இக்கட்டுரையாளர் கட்டிய முதல் வண்டியின் இடப்பக்கக் கதவில் அவருடைய கட்டைவிரல் ரேகை இன்றும் தெளிவாக உள்ளது. கண்ணாடி உறுப்புகளை ஒட்டக் கரைப்பானையோ உடனொட்டும் பசையையோ பயன்படுத்தலாகாது; அவற்றின் ஆவி பட்டுக் கண்ணாடி வெண்மையாக மங்கிவிடும். உலர்ந்தபின் ஒளி ஊடுருவும் வெள்ளைப் பசையே அதற்கு ஏற்றது.

பட்டறையில் விபத்துக்குள்ளான மகிழுந்தைச் சீர்செய்வோரைப் பார்த்தவர்களுக்கு அடுத்த படிகள் புதியனவல்ல. இடைவெளிகளில் பட்டி பார்த்தல், உப்புத்தாளால் நீர்விட்டுத் தேய்த்தல், அடிப்பூச்சு, மீண்டும் தேய்த்தல், நிறப்பூச்சு, தெளிபூச்சு, மெருகேற்றல் என்று அங்கே உள்ள முறையே இங்கும் உள்ளது. உப்புத்தாளின் எண் கூடக்கூட அதன் மணல் நுண்ணியதாகும். 400இல் தொடங்கி, 800, 1000 எனச் சென்று 2000இல் முடிப்பது வழக்கம். பட்டறைக்கும் மேசைக்கும் உள்ள வேறுபாடு பூச்சின் கனத்தில்தான் தெரியும்.

உண்மை மகிழுந்தின்மீது உள்ள வண்ணப்பூச்சு ஏறத்தாழ 0.1 மி.மீ. கனமுடையது. அதே கனத்தில் 1:24 மாதிரியின்மீது பூசினால் என்னவாகும்? உண்மை வண்டியில் 2.4 மி.மீ. கனத்துக்கு வண்ணம் அப்பியதற்கு அது சமம். வண்டிக்குத் தோசை போர்த்தியது போலாகிவிடும். கதவின் விளிம்புக் கோடுகள் மூழ்கிப்போகும். உண்மை வண்டியில் 5 மி.மீ. அகலமுள்ள கதவு இடைவெளி மாதிரியில் 0.2 மி.மீ. மட்டுமே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகவேதான் தேர்ந்தோர் வண்ணத்தை நீர்த்துப்போகச் செய்து, காற்றுத் தூரிகையால் பனிபடர்வது போலப் பல முறை தெளிக்கின்றனர். முதல் தெளிப்பில் அடிநிறம் மறையவே கூடாது. மறைந்தால் கனம் மிகுந்துவிட்டது என்று பொருள். இப்பொறுமை பலருக்கு எளிதில் கைவருவதில்லை. இப்பொழுதுபோக்கில் கெடும் வண்டிகளுள் பெரும்பாலானவை இந்த ஓரிடத்தில்தான் கெடுகின்றன.

நிறத்தைத் தெரிவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மாதிரியை 30 செ.மீ. தொலைவில் வைத்துப் பார்க்கிறோம். 24ஆல் பெருக்கினால், உண்மை வண்டியை 7 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்கு அது ஒப்பாகும். அத்தொலைவில் வண்டியின் பளபளப்பும் நிறமும் நமக்கு எப்படித் தோன்றுமோ அப்படித் தீட்டுவதே முறை. சிறிய பரப்பில் அடர்நிறம் மேலும் அடர்ந்து தோன்றும் என்பதால், பலர் நிறத்துடன் ஓரிரு துளி வெண்மை கலப்பர். கறுப்பு வண்டிக்கே தூய கறுப்பைத் தவிர்த்து ஆழ்ந்த சாம்பலைப் பூசுவோரும் உளர். கதவுக் கோடுகளில் மிகவும் நீர்த்த கருநிறத்தைத் தூரிகை நுனியால் தொட்டுவைத்தால், அது தந்துகிக் கவர்ச்சியால் தானே ஓடிக் கோட்டை நிரப்பும். மூடிய கதவு திறக்கும் கதவு போலத் தோன்றத் தொடங்குவது அந்நொடியில்தான்.

மழைக்காலம் இவ்வேலைக்குப் பகை. தின்னர் கலந்த வண்ணம் விரைந்து ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மீது படிந்து, பளபளப்பு மறைந்து, பால் தெளித்தது போன்ற வெண்மூட்டம் உண்டாகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வண்ணம் தீட்டியோர் இதனைத் தவறாமல் கண்டிருப்பர். வறண்ட பங்குனி, சித்திரையில் வேறொரு தொல்லை: தூரிகையிலிருந்து புறப்பட்ட துளி வண்டியை அடையுமுன்பே பாதி உலர்ந்து, பரப்பு சொரசொரப்பாகும். ஆகவே, நம் பகுதியில் அதிகாலை வெயில் ஏறுவதற்கு முந்தைய பொழுதே நல்ல பொழுது. எக்காலமாயினும் சாளரங்களைத் திறந்துவைத்தல், முகக்கவசம் அணிதல், அருகில் விளக்கோ அடுப்போ எரியாதவாறு பார்த்துக்கொள்ளுதல் ஆகியவை கட்டாயம். தின்னரின் ஆவி நுரையீரலுக்குத் தீங்கானது; எளிதில் தீப்பற்றவும் கூடியது.

சக்கரத்திலிருந்து தொடங்குதல்

வெளிநாட்டுத் தொகுப்புகளின் விலை மிகுதி. ஆனால், தொகுப்பு இல்லாமலே கட்டுவோர் நம் நாட்டில் பலர் உள்ளனர். அவர்களது பணியே உண்மையில் வியக்கத்தக்கது. அரசுப் பேருந்துகளையும் சரக்குந்துகளையும் பிவிசி தகடு, ஃபோம் அட்டை, தெர்மாகோல் ஆகியவற்றைக்கொண்டு உள்ளிருக்கை, மேற்கூரை ஏணி, வழித்தடப் பலகை வரை நுணுக்கமாகச் செய்யும் இளைஞர்களைத் தமிழகத்திலும் கேரளத்திலும் காணலாம். தீர்ந்துபோன பேனா ரீஃபில் புகைக்குழாயாகும். மாத்திரை அட்டையின் குமிழ் முகப்பு விளக்கின் கண்ணாடியாகும். குடிநீர்ப் புட்டியின் வளைந்த பகுதி முன்கண்ணாடியாகும்.

இவ்வாறு கட்டத் தொடங்குவோர் செய்யும் பொதுவான பிழை ஒன்றுண்டு. உடலை முதலில் கட்டிவிட்டு, அதற்கேற்ற சக்கரத்தைத் தேடி அலைவர். தட்டையான தகட்டை வேண்டிய அளவுக்கு வெட்டலாம். வட்டமான சக்கரத்தைத் துல்லியமாகச் செய்தல் அரிது. எனவே, கிடைக்கும் சக்கரத்திலிருந்து ஒப்பளவைப் பெறுவதே அறிவுடைமை. சான்றாக, புட்டி மூடி ஒன்றின் விட்டம் 30 மி.மீ. எனக் கொள்வோம். அம்பாசிடரின் சக்கரம் டயருடன் ஏறத்தாழ 670 மி.மீ. விட்டமுடையது. 670ஐ 30ஆல் வகுத்தால் ஏறத்தாழ 22. ஆகவே, இவ்வண்டியின் ஒப்பளவு 1:22. இனி நீளம் 4325ஐ 22ஆல் வகுத்து 197 மி.மீ. என வெட்டலாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தொலைவு உண்மை வண்டியில் 2464 மி.மீ.; மாதிரியில் 112 மி.மீ. ஆகும். இந்த அச்சிடைத் தொலைவு பிழைத்தால் மற்ற அனைத்தும் சரியாக இருந்தும் வண்டி அடையாளம் இழந்துவிடும். மனித முகத்தில் கண்களுக்கிடையே உள்ள தொலைவு போன்றது அது.

தொகுப்பில் இல்லாத வண்டி

தொகுப்பின்றிக் கட்டும் திறன் ஏன் தேவை என்பதற்கு வலுவான காரணம் ஒன்றுண்டு. பெரிய நிறுவனங்கள் உலகெங்கும் விற்கும் வண்டிகளின் மாதிரிகளையே அச்சிடும். உள்ளூரில் மட்டும் ஓடிய வண்டிகளை அவை அறியமாட்டா. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் மகிழுந்தைச் செய்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டே அதன் மூலம். மூலவண்டிக்குக் கதவுகள் இரண்டே. குடும்பத்துடன் பயணம் செய்யும் நம் வழக்கத்திற்குப் பின்னிருக்கைக்கும் கதவு வேண்டும் என்பதால், 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவுள்ள ஹெரால்டை இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்தனர். இங்கிலாந்துச் சாலைகளில் அப்படியொரு ஹெரால்டு ஓடியதில்லை. இன்று அத்தொழிற்சாலை இல்லை, வண்டிகளும் அரிதாகிவிட்டன.

டிரையம்ஃப் ஹெரால்டின் மாதிரித் தொகுப்பை இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1:32 அளவில் வெளியிட்டது. அதில் உள்ளது இரு கதவு வண்டியே. நான்கு கதவு வண்டி வேண்டுமாயின், கட்டுபவர் அவ்வுடலின் பக்கவாட்டை அறுத்து, புதிய தூணை நட்டு, கதவுக் கோடுகளைக் கீறி, கண்ணாடிகளைத் திருத்தியாக வேண்டும். அதற்குமுன் பழைய ஒளிப்படங்களைத் தேட வேண்டும். எஞ்சியுள்ள வண்டி ஒன்றை நேரில் கண்டு அளவெடுக்க வேண்டும். முன்பு அதனை ஓட்டிய முதியவர்களிடம் கைப்பிடி எங்கிருந்தது, இருக்கை எந்நிறம் என்று கேட்க வேண்டும். இவ்வாறு சேர்க்கும் செய்திகள் நூலகங்களில் இருப்பது அரிது. கட்டி முடிக்கப்பட்ட 12 செ.மீ. நீளமுள்ள அவ்வண்டி ஓர் ஆவணமாக மாறுவது இதனால்தான். 1957 முதல் இந்தியச் சாலைகளை ஆண்ட அம்பாசிடரின் உற்பத்தியும் 2014இல் நின்றுபோயிற்று. அதன் முன்முகப்பு வலை எத்தனை முறை மாறியது என்பதை இன்று விரல்விட்டுச் சொல்பவர்கள் மாதிரி கட்டுவோரும் பழைய ஓட்டுநர்களுமே.

அயல்நாட்டு அச்சுகள் நம் நாட்டுக்கு வந்த கதையும் உண்டு. இங்கிலாந்தில் 1934இல் தோன்றிய டிங்கி வண்டிகளின் பழைய அச்சுகள் சில, 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவை அடைந்தன. அவற்றைக்கொண்டு 'நிக்கி டாய்ஸ்' என்னும் பெயரில் சிறு வண்டிகள் வார்க்கப்பட்டன. பழகித் தேய்ந்த அச்சுகளாதலால் வார்ப்பு அவ்வளவு கூர்மையாக இராது. வண்ணமும் சற்றுத் தடிப்பே. ஆனால், அன்று இரண்டாந்தரமாகக் கருதப்பட்ட அவ்வண்டிகளை இன்று உலகெங்குமுள்ள சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகின்றனர்.

மேசையிலிருந்து தொழிற்சாலைக்கு

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிஷர் பாடி பிரிவு, 1930 முதல் 1968 வரை சிறுவர்களுக்கான மாதிரி கட்டும் போட்டியை நடத்தியது. தொடக்கத்தில் நெப்போலியன் காலத்து அரச வண்டி ஒன்றை அளவு பிசகாமல் செய்துதர வேண்டும். பின்னர்த் தம் கற்பனையில் உதித்த மகிழுந்தை 1:12 அளவில் வடிவமைக்கலாம் என்றாயிற்று. வென்றோர்க்குக் கல்வி உதவித்தொகை வழங்கப்பட்டது. அவர்களுள் பலர் பின்னாளில் மகிழுந்து வடிவமைப்பாளர்களாயினர். நல்ல திட்டந்தான், ஆனால் அப்போட்டியில் சிறுமியர் சேர்க்கப்படவேயில்லை. சிற்றில் கட்டிய சிறுமியின் குரலில் ஒரு பதிகமே பாடப்பட்ட ஊரின் அருகிலிருந்து நோக்கும்போது இந்த விலக்கு பெரிதும் உறுத்துகிறது.

இன்றும் மகிழுந்து நிறுவனங்களில் புதிய வண்டி ஒன்று கணினித் திரையில் வரையப்பட்டாலும், அதனைக் களிமண்ணில் செய்து பார்க்காமல் முடிவெடுப்பது அரிது. தொழிலகக் களிமண் சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும். முதலில் நான்கில் ஒரு பங்கு அளவிலும், பின்னர் முழு அளவிலும் வடிவத்தைச் செய்து, அதன்மீது ஒளி விழும் விதத்தை நோக்கி வளைவுகளைச் செதுக்குவர். திரையில் தெரியாத பிழை களிமண்ணில் தெரியும். களிமண் மாதிரி செய்தல் என்பது தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. மண்ணியற் சிறுதேர் என்னும் பெயரை இவ்வறைகளில் எழுதிவைத்தாலும் பொருந்தும்.

கட்டி முடித்த வண்டியைப் பேணுவதிலும் கவனம் தேவை. பாலிஸ்டைரீன் வெப்பத்தில் வளையும். வெயிலில் நிறுத்திய மகிழுந்துக்குள்ளோ தகரக் கூரையை ஒட்டிய பரணிலோ வைத்த மாதிரி, கோடை முடிவதற்குள் கூரை கவிழ்ந்துவிடும். சூரிய ஒளி தொடர்ந்து பட்டால் சிவப்பு வெளிறும், தெளிபூச்சு மஞ்சளாகும். இன்னொரு கேடு வெளியிலிருந்து வருவதன்று. மென்மையான வினைல் டயர்களில் கலந்துள்ள இளக்கி எண்ணெய் மெல்லக் கசிந்து, டயர் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் வட்டையை ஆண்டுக்கணக்கில் தின்னும். பத்தாண்டுகளுக்குப்பின் எடுத்துப் பார்த்தால், டயர் வட்டைக்குள் உருகிப் புதைந்திருக்கும். டயரைப் பொருத்துமுன் வட்டையைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டினால் இதனைத் தவிர்க்கலாம். பொத்தான் சக்கரத் தீப்பெட்டி வண்டிக்கு இத்தொல்லை இல்லை. நுங்கு வண்டிக்கோ சில நாள்களில் சக்கரம் வாடிச் சுருங்கும். அதற்குள் அடுத்த குலை இறங்கிவிடும்.